பனிமேட்டுக் கோயிலின் புது மிகோ

ஆஸ்பத்திரியில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். கண் ஆஸ்பத்திரியின் முன்கவுண்டரில் உட்கார்ந்து பெயர் பதிவதும் டோக்கன் கொடுப்பதும் வேலை. வந்து நிற்பவர் "கண்ணு கொஞ்ச நாளா..." என்று இழுப்பதற்குள், "மங்கலா இருக்கா, உறுத்துதா? உறுத்துதுன்னா உள்ள போய் இடது பக்கம் உக்காருங்க" என்று முடித்துவிடுவாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அவள் லீவு போட்ட நாளில் வரிசை வாசல்வரை வந்துவிடும் என்று டாக்டர்களே சொல்வார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவள் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். லிஃப்ட் மெக்கானிக். காலையில் டூல் பெட்டியோடு கிளம்பினால் சாயங்காலம் கிரீஸ் வாசனையோடு திரும்புவார். "சாப்பாடு எப்படி இருக்கு?" என்றால் தலையாட்டுவார். "உப்பு கம்மியா?" என்றால் அதற்கும் அதே தலையாட்டல். வாய்க்குள் முத்து வைத்திருப்பதுபோல, திறந்தால் விழுந்துவிடும் என்பதுபோல இருப்பார். கல்யாணமான புதிதில் அதை அடக்கம் என்று நினைத்திருந்தாள். பிறகு அழுத்தம் என்று நினைத்தாள். கடைசியில் நினைப்பதையே விட்டுவிட்டு, அவர் பேச வேண்டியதையும் சேர்த்துத் தானே பேசப் பழகிக்கொண்டாள்.

மகள் படிப்புக்காக விடுதிக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. மாமியார் டிவி முன்னால், வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால். இவளுக்குப் பேச ஆள் இல்லை. அப்போதுதான் போனில் பனிமேடு கிடைத்தது.

பனிமேடு நிஜ ஊர் இல்லை. முகம் தெரியாத சிலர் சேர்ந்து, எழுத்திலேயே கட்டி, எழுத்திலேயே வாழ்கிற ஒரு ஜப்பானிய மலையூர். ஆளுக்கொரு வேஷம். ஒருவர் படகுக்காரர், ஒருவர் கொல்லர், ஒருத்தி மருத்துவச்சி. இவள் அங்கே தேநீர்க்கடைக்காரி. 'கடைக்காரி அடுப்பை ஊதுகிறாள், புகை கண்ணைக் கரிக்கிறது' என்று இவள் எழுதினால், 'படகுக்காரர் ஈரக் காலோடு உள்ளே வந்து ஒரு தேநீர் கேட்கிறார்' என்று அவர் எழுதுவார். அப்படியே கதை போகும். ஊருக்கு மேலே, சிவப்பு மர வாயில்களைத் தாண்டிப் படியேறினால் ஷின்டோ கோயில். அங்கே நீண்ட தாடி வைத்த ஒரு தலைமைப் பூசாரி. அவருக்குத் துணையாக ஒரு மிகோ. மிகோ என்றால் கோயில் பணிப்பெண். வெள்ளை மேலாடையும் செக்கச்சிவந்த கீழாடையும் உடுத்தி, வாசல் பெருக்கி, தாயத்து கொடுத்து, விசேஷ நாளில் மணிக்கொத்தைக் கையில் ஏந்தி ஆடுகிறவள். ஊரில் யாருக்கு என்ன மனக்கஷ்டம் வந்தாலும் மிகோவிடம்தான் படியேறிப் போவார்கள்.

அந்த மிகோவாக ஆகிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. சின்ன ஆசை இல்லை, உயிரை வாங்குகிற ஆசை. மணிக்கொத்தை எந்தக் கையில் பிடிப்பது, கோயில் தண்ணீர்த் தொட்டியில் முதலில் எந்தக் கையைக் கழுவுவது, வாயிலுக்குள் நுழையும் முன் எப்படிக் குனிவது என்று தேடித் தேடிப் படித்தாள். சமையலறையில் கரண்டியை மணிக்கொத்தாகப் பிடித்துத் திரும்பிப் பார்த்து, மாமியார் கண்ணில் பட்டு, "ஈ" என்று சொல்லிச் சமாளித்த நாளும் உண்டு. ஆனால் மிகோ வேஷத்தில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். அவள் எழுந்தால்தானே இவள் உட்கார முடியும்?

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்காரர் ஒரு கட்டடத்தின் மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். முழங்கால்வரை மாவுக்கட்டு. நாள் முழுக்கக் கட்டிலில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போனை வாங்கி, பனிமேட்டில் சேர்த்துவிட்டாள்.

"சும்மா பொழுது போகுங்க. விறகுவெட்டியா இருக்கீங்களா? இல்ல மீன் பிடிக்கிறவரா?"

"எது காலி?"

"கோயில்ல பெருக்குற பொண்ணு வேஷம்கூடக் காலியா இருக்கு. யாரும் எடுக்கல. அதையா எடுக்கப் போறீங்க?"

அவர் யோசித்தார். "பெருக்குறதுதானே. இருக்கட்டும்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மீசை வைத்த பெருக்குற பொண்ணு என்று மகளுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அந்த வேஷத்தை இவள் ஒருநாளும் சீண்டியதில்லை. மிகோவாக வேண்டியவள் துடைப்பத்தைத் தொடுவாளா என்ன?

முதல் சில நாட்கள் அவர் எழுதியது ஒற்றை வரிதான். 'பெண் படியைப் பெருக்குகிறாள்.' மறுநாள், 'பெண் மறுபடி பெருக்குகிறாள்.' இவள் கவுண்டரில் டோக்கன் கிழிக்கிற இடைவெளியில் பார்த்துச் சிரித்துக்கொள்வாள். சாயங்காலம் வந்து அவருக்குப் பாடம் எடுப்பாள். மிகோ எப்படி நடப்பாள், பூசாரியை எப்படி வணங்க வேண்டும், எதைத் தாண்டக் கூடாது என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

பிறகு ஒருநாள் படகுக்காரர் கோயில் படியேறினார். மனைவி விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று எழுதினார். அது வேஷத்தில் நடந்ததா, வெளியே நிஜத்தில் நடந்ததா என்று யாருக்கும் தெரியாது. பனிமேட்டில் கேட்கவும் மாட்டார்கள். யார் யாரோ ஓடிவந்து ஆறுதல் எழுதினார்கள். இவளும் கடையை விட்டுப் படியேறிப் போய், 'காலம் எல்லாவற்றையும் ஆற்றும்' என்று ஒரு பத்தி எழுதினாள். படகுக்காரர் எதற்கும் பதில் சொல்லவில்லை. எல்லாரும் ஓய்ந்த பிறகு பெருக்குகிற பெண் எழுதினாள்:

'நான் இந்தப் படிகளைப் பெருக்கி முடிக்கும்வரை நீங்கள் இங்கே உட்காரலாம். இன்றைக்கு இலைகள் நிறைய. நேரமாகும்.'

அவ்வளவுதான். படகுக்காரர் உட்கார்ந்தார். அவள் பெருக்கினாள். பெருக்கிய இடத்திலேயே மறுபடி இலை விழுந்தது, மறுபடி பெருக்கினாள். அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார். அன்றைக்குப் பனிமேடே அதைப் பற்றித்தான் பேசியது.

கவுண்டரில் உட்கார்ந்து அதைப் படித்தபோது இவளுக்கு வயிறு எரிந்தது. முன்னால் நின்ற பெரியவர், "அம்மா, டோக்கன்" என்று இருமுறை கேட்டும் காதில் விழவில்லை.

இவளுடைய அப்பா இறந்த அன்று, அந்த வீட்டு வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றவர்தானே இந்த மனுஷன்? அன்று முழுக்க அவர் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு வார்த்தை, "கிளம்பலாமா?" 'இலைகள் நிறைய, நேரமாகும்' என்று அன்றைக்கு இவளிடம் ஒருமுறை சொல்லியிருந்தால், அதை வைத்துக்கொண்டே ஆயுசை ஓட்டியிருப்பாளே. எங்கேயோ இருக்கிற, முகம் தெரியாத படகுக்காரருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது அது.

அதிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. ஊரே இப்போது பெருக்குகிற பெண்ணைத் தேடிப் படியேறியது. மருத்துவச்சி போனாள், கொல்லர் போனார். தேநீர்க்கடையில் ஈயோட்ட வேண்டியிருந்தது. வீட்டில் அவர் கட்டிலில் சாய்ந்து, ஒற்றை விரலால் தட்டுத் தட்டென்று போனில் எழுதிக்கொண்டிருப்பார். இடையில் தனக்குத்தானே சிரிப்பார். அந்தச் சிரிப்பை அவள் கேட்டு எத்தனையோ காலமாயிற்று.

மாமியார் கூடக் கவனித்துவிட்டார். "ஏம்மா, இவன் யார்கூட இப்படிச் சிரிச்சுக்கிட்டிருக்கான்? கொஞ்சம் கண்ணு வைம்மா."

"ஊருக்கே ஆறுதல் சொல்றாரு அத்தை. நமக்குத்தான் கொடுத்து வைக்கல."

"இவனா? ஆறுதலா? எங்க வீட்டுப் பிள்ளையா?" என்று மாமியார் டிவியின் சத்தத்தையே குறைத்துவிட்டுக் கேட்டார்.

இந்த நேரம் பார்த்துப் பழைய மிகோ விலகிக்கொண்டாள். வெளியே அவளுக்கு வேறு வேலை கிடைத்து நேரமில்லாமல் போயிற்றாம். விருப்பமுள்ளவர்கள் ஆளுக்கொரு காட்சி எழுதித் தரலாம், படித்துப் பார்த்து முடிவு செய்கிறேன் என்று பூசாரி அறிவித்தார்.

அவள் உயிரைக் கொடுத்து எழுதினாள். மணிக்கொத்து, தண்ணீர்த் தொட்டி, உடையின் முடிச்சு, எதையும் விடவில்லை. அதில் வருகிற ஒரு விதவைக்கு அழகழகாகப் பதில் சொல்லி, அவளை அனுப்பிவைத்து, கடைசியில் ஆடியும் முடித்தாள். வீட்டுக்காரர் விண்ணப்பிக்கவே இல்லை. அதனால் மனசு லேசாக இருந்தது. புது மிகோ யாரென்று பூசாரி அறிவித்த சாயங்காலம் அவள் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாள். போனைத் திறந்தாள். 'பெருக்குகிற பெண்ணைக் கோயில் தன் மிகோவாக ஏற்கிறது' என்று இருந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் இறங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "நீங்க எழுதிப் போட்டீங்களா?"

"இல்ல. அவங்களா..." என்று ஆரம்பித்தார்.

"அவங்களா கூப்பிட்டாங்களாக்கும். நீங்களும் சரின்னுட்டீங்களாக்கும். எனக்கு அதுமேல எவ்வளவு ஆசைன்னு தெரிஞ்சும்."

"நான் வேணாம்னு..."

"வேணாம்னு சொல்லிப் பாத்தீங்க, அவங்க விடல. அதானே? நல்லா இருங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களோடு சண்டை போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் புது மிகோவை அமர்த்துகிற சடங்கு. பனிமேடு மொத்தமும் கூடியிருந்தது. பூசாரி வாழ்த்து வாசகம் எழுதினார். மிகோ தண்ணீர்த் தொட்டியில் முதலில் இடது கையைக் கழுவினாள், பிறகு வலது கையை. இவள் சொல்லிக்கொடுத்த வரிசை அது, அப்படியே. வெள்ளை மேலாடையை உடுத்தினாள், சிவப்புக் கீழாடையைக் கட்டினாள். 'எவ்வளவு பொருத்தம்', 'எங்கள் மிகோ', 'கண் நிறைகிறது' என்று ஆளாளுக்கு எழுதினார்கள். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. இவள் கூடத்தில் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் மிகோவாம்.

பனிமேட்டில் வேஷம் கலைத்துப் பேசுவதற்கென்று தனியாக ஓர் இடம் உண்டு. வெளிமுற்றம் என்பார்கள். அங்கேகூட ஒருவர் நிஜத்தில் யார் என்று இன்னொருவர் சொல்லக் கூடாது. ஊரின் முதல் விதியே அதுதான். அவள் வெளிமுற்றத்துக்குப் போனாள். விரல் தன்பாட்டுக்கு ஓடியது.

'எல்லாரும் உருகுறீங்களே, உங்க மிகோ யாருன்னு தெரியுமா? என் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். பெரிய மீசை. கால்ல மாவுக்கட்டு போட்டுக்கிட்டு, கிழிஞ்ச பனியனோட கட்டில்ல கிடக்கார். நிஜத்துல இந்த மனுஷனுக்குப் பத்து வார்த்தை சேர்ந்தாப்ல பேச வராது.'

அனுப்பிவிட்டாள். முதலில் ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. போட்டவரே அதை எடுத்துவிட்டார். சடங்கு அந்தரத்தில் நின்றது. பிறகு படகுக்காரர் மட்டும் எழுதினார்: 'இருக்கட்டுமே. நான் பேசினது மிகோகிட்டதான். அவங்க என்னைப் பத்தி யார்கிட்டயும் எதுவும் சொன்னதில்ல.'

கொஞ்ச நேரத்தில் அவள் திரையில் பனிமேடு மூடிக்கொண்டது. ஒரு மாதத்துக்கு அவள் உள்ளே வர முடியாது.

படுக்கையறைக் கதவு திறந்தது. ஊன்றுகோலோடு வீட்டுக்காரர் வந்து நின்றார். குளித்திருந்தார். முடியைப் படிய வாரியிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மேல் பட்டன்வரை போட்டிருந்தார்.

"பனியன்னு ஏன் சொன்ன?" என்றார்.

அவர் திரும்பி உள்ளே போனார். ஊன்றுகோல் சத்தம் கட்டில்வரை போய் நின்றது.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு அடியிலும் பொறாமைதான் கிடந்து புகைந்தது. மகளுடைய பள்ளி விழாவுக்குக் கூப்பிட்டால் வேலைச் சட்டையோடு வந்து நிற்பார். கல்யாண நாளுக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தால் பீரோவில் வைத்துப் பூட்டுவார். யார் கண்ணிலும் படாத ஒரு சடங்குக்கு, ஒற்றைக் காலில் நின்று குளித்து, வெள்ளை உடுத்தியிருக்கிறார்.

மறுநாள், பனிமேட்டில் சேரும்போது கொடுத்திருந்த எண்ணுக்குப் பூசாரியிடமிருந்து போன் வந்தது. கனத்த குரலை எதிர்பார்த்து எடுத்தாள். சின்னப் பெண்ணின் குரல் கேட்டது. பின்னால் கைக்குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, நான்தான் பூசாரி. ஒரு நிமிஷம், இவனுக்குப் பாட்டில் குடுத்துட்டு வந்துடறேன்."

இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நீண்ட தாடிக்குப் பின்னால் இந்தக் கைக்குழந்தைக்காரியா?

"விதிய மீறினது தப்புதாம்மா. ஒத்துக்கறேன்," என்றாள் இவள், பூசாரி திரும்பி வந்ததும். "ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். நான் எழுதினதுல என்ன குறை?"

"குறையே இல்லக்கா. எனக்கே தெரியாததெல்லாம் எழுதியிருந்தீங்க. அந்த விதவை அம்மா வர்ற இடம் இருக்குல்ல..."

"அதுல என்ன, பதில் சரியில்லையா? நீளமாயிடுச்சா?"

"பாத்தீங்களா அக்கா, இதான்." பூசாரி சிரித்தாள். குத்துகிற சிரிப்பு இல்லை. "அந்தம்மா அழ ஆரம்பிக்கிறதுக்குள்ள நீங்க ஆறுதல் சொல்லி அனுப்பிட்டீங்க. அவங்க எதுக்கு வந்தாங்கன்னே எனக்குத் தெரியல."

போனை வைத்தபிறகு வெகுநேரம் அவளுக்கு அந்தச் சின்னப் பெண்ணின்மேல் கோபமாக இருந்தது. பால்பாட்டில் பிடிக்கிற பெண் எனக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்று. மறுநாள் கவுண்டரில் ஓர் அம்மாள் "கண்ணு..." என்று ஆரம்பித்தார். வேண்டுமென்றே பேசாமல் இருந்தாள். அந்த அம்மாள் கண்ணில் தொடங்கி, மருமகளுக்குப் போய், வாடகை வீட்டைச் சுற்றிவிட்டுத் திரும்பக் கண்ணுக்கு வந்து சேர்வதற்குள் பின்னால் வரிசை முணுமுணுத்தது. 'இதெல்லாம் மிகோவுக்குத்தான் சரிப்படும்' என்று எரிச்சலோடு டோக்கனைக் கிழித்தாள்.

அந்த ஒரு மாதமும் வீட்டில் அவர் அவளோடு பேசவில்லை. எப்போதும் பேசாதவர் பேசாமல் இருப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரிந்தது. சாதத்துக்குத் தலையாட்டுவதும் நின்றிருந்தது. ஆனால் மிகோ வேஷத்தை அவர் விடவில்லை. பனிமேடும் அவரை விடவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் தட்டுத் தட்டென்று சத்தம் கேட்கும். உள்ளே யார் படியேறி வந்திருக்கிறார்களோ, அவர்களுக்கு என்னென்ன சொல்கிறாரோ என்று இவள் கூடத்தில் உட்கார்ந்து மறுகுவாள். இன்னொரு பெண்ணாக இருந்திருந்தால்கூடச் சண்டை போடலாம். தன் புருஷனே அந்த இன்னொரு பெண்ணாகவும் இருந்தால் எந்த வீட்டில் போய் நியாயம் கேட்பது?

ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாமல் கதவைத் திறந்தே விட்டாள்.

"என்கிட்ட ஏன் இப்படிப் பேசினதே இல்ல நீங்க?"

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். வாயைத் திறந்தார், மூடினார். அவள் நாக்கு நுனியில் அவர் சொல்லக்கூடிய பதில்கள் எல்லாம் வரிசைகட்டி நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எழுதறப்போ," என்றார், "நடுவுல யாரும் வர்றதில்ல."

அவள் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

கட்டுப் பிரித்து அவர் வேலைக்குப் போகத் தொடங்கிய வாரம், அவளுக்கும் பனிமேடு திறந்தது. ஞாயிறு மத்தியானம். மாமியார் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். படுக்கையறையில் வீட்டுக்காரர், கூடத்தில் இவள். வெளிமுற்றத்தில் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். பிறகு தேநீர்க்கடைக்காரியைக் கோயிலுக்கு அனுப்பினாள்.

'கடைக்காரி படியேறி வருகிறாள். மிகோவைப் பார்க்கிறாள். எதுவும் சொல்லாமல் நிற்கிறாள்.'

அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். பதில் வரவில்லை. 'அவள் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறாள்' என்று எழுதினாள், அழித்தாள். 'மிகோ கோபமாக இருக்கலாம்' என்று எழுதினாள், அதையும் அழித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒற்றை விரல் தட்டுகிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. கவுண்டராக இருந்திருந்தால் இதற்குள் ஒரு வரிசையையே அனுப்பியிருப்பாள்.

வந்தது. 'தேநீர்க்கடை பூட்டிக் கிடந்தது. தினமும் நான் அந்த வழியாகத்தான் போனேன். அடுப்புப் புகை இல்லாத தெரு எனக்குப் பழக்கமில்லை.'

படித்தாள். மறுபடி படித்தாள். எழுத்து கலங்கியது. எழுந்து போய்ப் படுக்கையறை வாசலில் நின்றாள்.

"இத வாயால சொல்லுங்க."

அவர் நிமிர்ந்தார். "எழுதினதையேவா?"

"ஆமா. எனக்கு."

அவர் யோசித்தார். மீசையைத் தடவினார். ஜன்னலைப் பார்த்தார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடி நின்றாள். வாழ்க்கையில் இவ்வளவு பெரிய வேலை செய்ததில்லை என்று தோன்றியது.

"கடை..." என்றார். "கடை பூட்டியிருந்துச்சு."

அவ்வளவுதான். காதுமடல் சிவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். முழுசும் தேநீர்க்கடைக்காரிக்குப் போயிருந்தது. பெண்டாட்டிக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. அந்தக் கடைக்காரியை அவள்தான் உண்டாக்கினாள், அவள்தான் பேச வைத்தாள். இருந்தும் அந்த நிமிஷம் கடைக்காரியைப் பிடித்து மலையிலிருந்து தள்ளிவிடலாம் போல இருந்தது. அதோடு, கிடைத்த அந்த ஒரு வரியைத் திருப்பித் தரவும் மனமில்லை.

சோபாவுக்கு வந்து போனை எடுத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினாள்: 'கடை நாளைக்குத் திறக்கும். எல்லாருக்கும் தேநீர் உண்டு. மிகோவுக்கு மட்டும் சர்க்கரை கிடையாது.'

படுக்கையறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதுவும் கடைக்காரிக்குத்தான்.